வீட்டு வண்டியின் கார்பன் தடம்: லிட்டரில் தொடங்கும் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது எஞ்சினில் எரிந்து முடிந்தபின் சைலன்ஸர் வழியே வெளியேறும் கரியமில வாயுவின் எடையோ ஏறத்தாழ 2.3 கிலோ. முக்கால் கிலோ எரிபொருளிலிருந்து அதைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள வாயு எப்படி வரும் என்ற ஐயம், இதை முதன்முதலில் கேட்பவருக்கு எழுவது இயல்பே. விடை காற்றில் இருக்கிறது. பெட்ரோலின் எடையில் நூற்றுக்கு 86 பங்கு அளவுக்குக் கார்பன். எரியும்போது அந்தக் கார்பன் அணு ஒவ்வொன்றும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு எடையுள்ள கார்பனோடு 32 பங்கு எடையுள்ள ஆக்சிஜன் கூடி 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. டேங்கில் நாம் ஊற்றிய எடைக்கு மேற்பட்டதெல்லாம் வழியில் எஞ்சின் உறிஞ்சிய காற்றிலிருந்து வந்தது. டீசலுக்கு இதே எண் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ.

ஒரு குடும்பத்தின் கார்பன் தடம் என்பது, அந்தக் குடும்பம் வாழும் முறையால் ஓராண்டில் காற்றுமண்டலத்தில் சேரும் பசுங்குடில் வாயுக்களின், அதாவது கரியமில வாயு போன்ற வெப்பத்தைத் தேக்கிவைக்கும் வாயுக்களின், மொத்த எடை. சமையல் எரிவாயு, மின்சாரம், உணவு, விமானப் பயணம் என அதில் பல கூறுகள் உண்டு. இங்கே அவற்றில் ஒன்றை மட்டும், அதாவது அலுவலகம், பள்ளி, கடை, கோயில், உறவினர் வீடு என்று அன்றாடம் ஓட்டும் வண்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உணவின் தடத்தைக் கணக்கிடப் பல ஊகங்கள் தேவைப்படும். வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. எத்தனை லிட்டர் எரிந்தது என்று தெரிந்தால், பெருக்கல் கணக்கு ஒன்றே மீதி.

தொடங்குபவர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புகைப் பரிசோதனை மையத்தில் தரும் சான்றிதழ், பெட்ரோல் வண்டிகளில் கார்பன் மோனாக்சைடையும் முழுதாக எரியாத ஹைட்ரோகார்பன்களையும், டீசல் வண்டிகளில் புகையின் அடர்த்தியையும் பொறுத்தது. இவை மூச்சையும் உடலையும் கெடுக்கும் மாசுகள். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6) வாகனப் புகை விதிகளும் இத்தகைய மாசுகளைக் கட்டுப்படுத்தவே வந்தன. நிறமும் மணமும் அற்ற கரியமில வாயுவோ, எவ்வளவு சுத்தமாக எரியும் எஞ்சினிலிருந்தும் வந்தே தீரும். சொல்லப்போனால், வண்டியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றித்தான் வெளியே விடுகிறது. ஆகவே புகைச் சான்றிதழ் செல்லுபடியாகிறது என்பதற்கும் கார்பன் தடம் குறைந்திருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. வண்டியிலிருந்து வரும் கரியமில வாயுவை வடிகட்டிப் பிடிக்கும் கருவி எதுவும் நம் கைக்கு எட்டும் நிலையில் இல்லாததால், குறைக்க வேண்டியது எரிக்கும் லிட்டரைத்தான்.

இன்னொரு கேள்வி எத்தனாலைப் பற்றியது. இன்று இந்தியாவில் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வடித்த எத்தனாலில் உள்ள கார்பன், அந்தப் பயிர்கள் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்பதால், அதைக் கழித்துவிடலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் பயிருக்கு இட்ட உரம், இறைத்த தண்ணீர், ஆலையில் வடித்தெடுக்கத் தந்த வெப்பம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் எரிபொருள் எரிந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜும் சிறிது இறங்குகிறது. இது ஒருபுறம் இருக்க, கச்சா எண்ணெயை எடுத்து, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, லாரியில் பங்க்குக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வெளியாகும் வாயு 2.3 என்ற எண்ணில் சேரவே இல்லை. ஒன்று எண்ணைக் குறைக்கவும் மற்றது கூட்டவும் பார்ப்பதால், வீட்டுக் கணக்குக்கு லிட்டருக்கு 2.3 கிலோ என்றே வைத்துக்கொள்வது போதும் என்பது என் கருத்து. தசமப் புள்ளிக்குப் பின் வரும் துல்லியத்தைவிட, இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரே எண்ணைக் கொண்டு கணக்கிடுவது பயன் தரும்.

முதலில் அளவெடுத்தல்

விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் சோதனைச் சூழலில் கிடைத்தது. நெரிசலில் ஓடும் நம் வண்டிக்கு அது பொருந்தாது. சொந்த மைலேஜை அறிவதற்குப் பழைய முறையே போதும். டேங்கை நிரப்பச் சொல்லி, பம்பு தானாக நின்ற இடத்தில் நிறுத்திக்கொண்டு, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். டேங்க் பாதிக்கு மேல் காலியானபின் அதே பங்க்கில் அதேபோல் மறுபடியும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். இருநூறு ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் அவ்வப்போது பெட்ரோல் போடும் வழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு கைகூடாது என்பதால், அளவெடுக்கும் அந்த இரண்டு முறையாவது முழு டேங்க் போட வேண்டியிருக்கும்.

கோயம்புத்தூரில் சிங்காநல்லூரில் குடியிருக்கும் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள சரவணம்பட்டி அலுவலகத்துக்குத் தனியாகக் காரில் போய்வருகிறார். ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 6,000 கிலோமீட்டர். கடை, திருமணம், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் என்று கார் மேலும் 2,600 கிலோமீட்டர் ஓடுகிறது. மனைவியின் ஸ்கூட்டர் பள்ளிக்கும் அவரது வேலையிடத்துக்குமாக ஆண்டில் 4,500 கிலோமீட்டர் ஓடுகிறது. ஊருக்குள் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் ஸ்கூட்டர் 45 கிலோமீட்டரும் தருகின்றன என்று கொண்டால், காருக்கு ஏறத்தாழ 660 லிட்டர், ஸ்கூட்டருக்கு 100 லிட்டர், ஆக மொத்தம் 760 லிட்டர். இதை 2.3 ஆல் பெருக்கினால் 1,750 கிலோ, அதாவது ஒன்றே முக்கால் டன் கரியமில வாயு வருகிறது. இந்தியாவில் தொழிற்சாலை, மின்நிலையம், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கு ஓராண்டில் சராசரியாக வரும் அளவே ஏறத்தாழ 2 டன் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த வீட்டின் இரண்டு வண்டிகள் மட்டும் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்பது விளங்கும்.

இந்த மொத்தத்தில் கணவரின் அலுவலகப் பயணம் மட்டும் 1,060 கிலோ. ஸ்கூட்டர் 230 கிலோவோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் இப்படி ஏதேனும் ஒரு பயணம் மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கும். எங்கே குறைப்பது என்ற கேள்விக்கு அதுவே முதல் விடை. மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருவது சிலருக்கு அந்த இடத்தைப் பிடிக்கலாம், பிள்ளைகளின் டியூஷன் வேறு சிலருக்கு. அளக்காமல் ஊகித்தால், அடிக்கடி நிகழும் சிறு பயணங்கள் பெரிதாகவும் நாள்தோறும் பழகிப்போன நீண்ட பயணம் சிறிதாகவும் தோன்றும்.

எத்தனை பேருக்கு எத்தனை கிராம்

வண்டிகளை ஒப்பிடும்போது வண்டிக்கு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, ஓர் ஆள் ஒரு கிலோமீட்டர் போக எவ்வளவு என்று பார்ப்பதே பொருத்தமானது. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் காரில் ஒருவர் மட்டும் போனால் கிலோமீட்டருக்கு 177 கிராம். அதே தொலைவை ஸ்கூட்டரில் கடந்தால் 51 கிராம். லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடும் நகரப் பேருந்து ஒன்றில் 40 பேர் இருந்தால் தலைக்கு 17 கிராம் மட்டுமே. இந்த எண்களுக்குள் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது: அந்தக் காரிலேயே நால்வர் போனால் தலைக்கு 44 கிராம் ஆகி, ஸ்கூட்டரில் தனியாகப் போகிறவரையும்விடக் குறைந்துவிடுகிறது. கார் என்றாலே கேடு என்று சொல்வது இதனால் சரியாகாது; காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு ஓடும் காரே தடத்தைப் பெருக்குகிறது.

நம் கோவைக் குடும்பத்தின் கணவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பேருந்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,400 கிலோமீட்டர் காரிலிருந்து இறங்கும். 185 லிட்டர் பெட்ரோலும் ஏறத்தாழ 425 கிலோ கரியமில வாயுவும் மிச்சம். பேருந்தில் அவர் பங்குக்கு 41 கிலோ என்று காகிதத்தில் எழுதலாம் என்றாலும், எப்படியும் ஓடப்போகும் பேருந்தில் ஒருவர் கூடுதலாக ஏறுவதால் எரியும் டீசல் மிகச் சொற்பம். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால், வீட்டுப் பெண்களுக்குச் செலவுக் கணக்கும் இதே பக்கம் சாய்கிறது. பேருந்து நேரத்துக்கு வருமா, கடைசிப் பேருந்தை விட்டால் என்ன செய்வது, நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை வெயிலில் நடக்க முடியுமா என்ற கேள்விகள் நியாயமானவை. ஐந்து நாளும் பேருந்தில்தான் போவேன் என்று சபதம் செய்து, ஒரு மாதத்தில் கைவிடுவதைவிட, வீட்டுக்குத் திரும்பும் நேரம் நிச்சயமாகத் தெரிந்த இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுப்பது நிலைக்கும் வழி.

வாகனத்தைப் பகிர்ந்துகொள்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் தனிக் காரில் போகும் அலுவலக நண்பரோடு முறைவைத்து ஒரே காரில் போனால், சாலையிலிருந்து ஒரு கார் உண்மையாகவே குறைகிறது. இதுவரை பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒருவரை நம் காரில் ஏற்றிக்கொண்டால், அவருக்கு வசதி கூடுமே தவிர எரியும் பெட்ரோல் ஒரு சொட்டும் குறையாது. எந்த மாற்றத்தைச் செய்தாலும் "இது எந்தப் பயணத்தின் இடத்தில் வருகிறது?" என்று கேட்டுப் பார்த்தால் மிச்சம் உண்மையா, வெறும் தோற்றமா என்பது தெரிந்துவிடும். செயலி வழியாக அழைக்கும் வாடகைக் காருக்கும் இது பொருந்தும்: சொந்தக் காரை வீட்டில் நிறுத்திவிட்டு அதில் போவதால் தடம் குறைவதில்லை, அடுத்த சவாரியைத் தேடி அது காலியாக ஓடும் தொலைவும் சேர்ந்துகொள்வதால், சற்றுக் கூடவும் செய்யலாம்.

குறுகிய பயணங்களின் கதை வேறு. எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதல் சில கிலோமீட்டர்களில் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. எண்ணெய் இளகாததால் உராய்வும் அதிகம். தெருமுனைக் கடைக்கும், ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள மருந்துக்கடைக்கும் காரை எடுத்தால், சூடேறுவதற்கு முன்பே எஞ்சின் அணைக்கப்பட்டுவிடுகிறது. இத்தகைய பயணங்களில் சராசரி மைலேஜ் எதிர்பார்ப்பது வீண். நடந்தோ சைக்கிளிலோ போகலாம் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதோடு, நான்கு வேலைகளுக்கு நான்கு முறை புறப்படாமல் ஒரே சுற்றில் முடித்துவிட்டு வருவதையும் சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியிலேயே காய்கறியும் மருந்தும் வாங்கிவிட்டால் அந்தப் பயணத்துக்குத் தனியாக எதுவும் எரிவதில்லை.

ஓட்டும் முறையில் கிடைக்கும் லிட்டர்கள்

ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டியபின், பிரேக் மிதித்து நிறுத்தினால் அந்த இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிப் போய்விடுகிறது. மீண்டும் அதே வேகத்தை எட்ட எஞ்சின் அதே ஆற்றலைப் புதிதாகத் தர வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்தை அடைகிறது என்று கொண்டால், இப்படி ஒவ்வொரு முறை நின்று கிளம்புவதற்கும் 13 மில்லி அளவுக்குப் பெட்ரோல் செலவாகிறது. கரியமில வாயுவாகச் சொன்னால் 30 கிராம். தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தபின்னும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய், கடைசி நொடியில் பிரேக் போடுகிறவர், சிக்னலுக்குச் சிக்னல் இந்த 13 மில்லியைத் தானாக விட்டுக்கொடுக்கிறார். விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை உருளவிட்டால், இன்றைய எஞ்சின்களில் அந்த நேரத்துக்குப் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் உருளவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், வண்டியின் மீதான பிடியும் குறையும்.

நெடுஞ்சாலையில் எதிரி வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் காற்றைத் தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. கோவையிலிருந்து சேலம் வரை சீராக 80 கிலோமீட்டரில் போகிறவருக்கும் 110 கிலோமீட்டரில் பறக்கிறவருக்கும் மைலேஜ் வேறுபடுவது இதனால்தான். மேற்கூரையில் கழற்றாமல் விட்ட கேரியரும் இதே காற்றுக்குத் தீனி போடுகிறது.

சிக்னலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிடலாம். நின்றபடி ஓடும் கார் எஞ்சின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். டயரில் காற்று குறைந்தால் உருளும்போது அது நசுங்கி நசுங்கி ஆற்றலை விழுங்குகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவின்படி, டயர் சூடேறாத காலை நேரத்தில், மாதம் இருமுறை காற்றுப் பிடிப்பது நல்லது. ஏசியை அறவே தவிர்க்கச் சொல்லும் குறிப்புகளையும் பார்த்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் அதைச் சொல்கிறவர் தாமே கடைப்பிடிப்பாரா என்ற ஐயம் எனக்கு உண்டு. நிழலில் நிறுத்துவதும், ஏறியவுடன் கண்ணாடிகளைச் சிறிது நேரம் இறக்கி உள்ளே அடைபட்ட சூட்டை வெளியேற்றிய பின் ஏசி போடுவதும் நடக்கக்கூடியவை. இவை எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்குப் பத்துப் பங்கு மிச்சம் கிடைத்தாலே நல்ல பலன்தான். பேருந்துக்கு மாறிய பிறகும் நம் குடும்பத்தின் காரில் ஏறத்தாழ 475 லிட்டர் எரிகிறது என்பதால், அந்தப் பத்துப் பங்கு 110 கிலோவுக்குச் சமம்.

மின்வண்டிக்கு மாறுவது

மின்வண்டியில் சைலன்ஸர் இல்லை. ஆனால் அதற்கு மின்சாரம் தரும் நிலையத்தில் புகைபோக்கி இருக்கக்கூடும். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. தமிழ்நாட்டில் முப்பந்தல் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றில் காற்றாலைகள் நிறையச் சுழல்கின்றனவே, நமக்குக் குறைவாக இருக்காதா என்று கேட்கலாம். 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென்மாநில மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டுவிட்டதால், நாடு முழுவதற்குமான சராசரியைக் கொள்வதே முறை. மின்ஸ்கூட்டர் ஒன்று சுவரில் உள்ள பிளக்கிலிருந்து கிலோமீட்டருக்கு 0.035 யூனிட் அளவில் எடுத்துக்கொண்டால் 25 கிராம், மின்கார் 0.15 யூனிட் எடுத்துக்கொண்டால் 105 கிராம். மின்கம்பி வழியில் ஏற்படும் இழப்பை இதில் சேர்க்கவில்லை. பெட்ரோல் பங்க்குக்கு வந்து சேரும் முன் வெளியானதை 2.3 இல் சேர்க்காதது போலத்தான் இதுவும்.

மின்கார் வாங்கினால் கணவரின் பயணம் 177 கிராமிலிருந்து 105 கிராமுக்கு இறங்குகிறது, நல்ல குறைவுதான். ஆனால் ஒருவர் தனியாகப் போகும் மின்காரின் 105 கிராம், பழைய பெட்ரோல் ஸ்கூட்டரின் 51 கிராமைப்போல் இரண்டு மடங்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் ஆளை நகர்த்த ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பையும் நகர்த்துகிறோம் என்ற அடிப்படை, எரிபொருளை மாற்றுவதால் மாறிவிடுவதில்லை. அதனால் வீட்டில் முதலில் மின்வண்டியாக மாற வேண்டியது ஸ்கூட்டர் என்றும், தினமும் தனியே போகும் பயணத்தைக் காரிலிருந்து அதற்கு மாற்ற முடியுமா என்று பார்த்த பிறகே மின்காரைப் பற்றி யோசிக்கலாம் என்றும் நான் சொல்வேன். நீண்ட தொலைவு, மழைக்காலம், முதுகுவலி, இரவு நேரப் பாதுகாப்பு ஆகியவை இதற்குத் தடையாக இருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே மின்கார் சரியான தேர்வாகலாம்.

பேட்டரியைச் செய்வதற்கே கணிசமான கரியமில வாயு வெளியாகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நடுத்தர மின்காரின் பேட்டரிக்கு 2 டன் என்று ஒரு தோராய அளவை வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 72 கிராம் மிச்சமாகும் வண்டி அந்தக் கடனைத் தீர்க்க ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 8,600 கிலோமீட்டர் ஓடும் நம் குடும்பத்துக்கு அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். அதன்பின் வருவதெல்லாம் மிச்சம். ஆண்டு முழுவதும் 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத காரை வைத்திருப்பவருக்கோ பதினான்கு ஆண்டுகள் பிடிக்கும். அவர் நல்ல நிலையில் உள்ள பழைய காரையே வைத்துக்கொண்டு குறைவாக ஓட்டுவது மேல். இன்னொன்று: மின்வண்டியில் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைவு என்பதால், முன்பு நடந்துபோன இடத்துக்கும் வண்டியை எடுக்கத் தோன்றும். சார்ஜ் செய்த யூனிட்டையும் பெட்ரோல் லிட்டரைப்போலவே மாதந்தோறும் குறித்துவந்தால் இது கண்ணில் படும்.

எப்போது சார்ஜ் செய்கிறோம் என்பதும் பொருட்டாகிறது. பகலில் சூரிய மின்சாரம் கட்டமைப்பில் மிகுந்திருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் வெயில் போய், எல்லா வீடுகளிலும் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கும்போது, அனல்மின் நிலையங்களின் பங்கு ஏறுகிறது. அலுவலகத்தில் பகலில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மாடியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு வைத்த வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். ஒரு மின்ஸ்கூட்டரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட அது போதும். பகலில் விளைந்த அந்த 4 யூனிட்டை வெளியே அனுப்பிவிட்டு இரவில் 4 யூனிட்டைத் திரும்ப எடுத்து வண்டிக்குப் போட்டால், அனுப்பியதையும் எடுத்ததையும் கழித்துக் காட்டும் நெட் மீட்டரில் இரண்டும் நேராகிவிடும்; ஆனால் இரவில் வண்டிக்குள் ஏறியதில் பெரும்பகுதி நிலக்கரியின் மின்சாரமாக இருக்கும். வண்டி வீட்டிலேயே நிற்கும் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பிளக்கைச் செருகுவதற்கு எந்தக் கூடுதல் செலவும் இல்லை.